புன்னைக்காயலில் இறங்கும் நைட்ரஜனுக்கு யார் கணக்கு?

மாண்புமிகு மத்திய புவி அறிவியல் துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாட்டின் வேளாண்மை, நீர்வளம், நகராட்சி நிர்வாகம், மீன்வளம், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளின் அமைச்சர்களுக்கும் செயலர்களுக்கும்,



எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் என்ன நடக்கும் என்று தெரியும். "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்று ஆளுக்கொரு பதில் வரும். நான் எழுத வந்த விஷயத்துக்கு உரிய துறை என்று ஒன்று கிடையாது. கோளாறே அங்கேதான் இருக்கிறது.

2019 ஆகஸ்டில் சென்னையில் எலியட்ஸ் கடற்கரையிலும் திருவான்மியூர்ப் பக்கமும் ஓர் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கைப்பேசியும் கையுமாக ஊரே திரண்டது. நாக்டிலூகா என்கிற ஒற்றைச் செல் உயிரி. தண்ணீர் கலங்கினால் ஒளிவிடும். அடுத்த மாதமே அந்த இனத்தின் பச்சை வகை பாம்பன், மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெருகியது. மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். கடல் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகி, கெட்ட வாடை வீசி, மீன் செத்துக் கரை ஒதுங்கியது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிங்கில் தீவை ஒட்டி நீருக்கடியில் இறங்கிப் பார்த்தார்கள். நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. வேகமாக வளரும் பவளங்கள், மான்கொம்பு போலக் கிளைவிடும் இனங்கள்தான் முதலில் மடிந்தன. இது புதிதும் அல்ல. 2008 அக்டோபரில் இதே வளைகுடாவில் இதே பூங்கோரை வந்து மீன்களைக் கொன்றுவிட்டுப் போயிருக்கிறது.

பூங்கோரை விஷம் வைத்துக் கொல்வதில்லை. பெருகுகிறது, பிறகு மொத்தமாகச் சாகிறது. செத்தது அடியில் படிய, அதை மட்கவைக்கும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. காற்று ஓய்ந்து, அலை இல்லாமல், நீர் குளம்போல நிற்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேலிருந்து ஆக்சிஜன் கலந்து இறங்கவும் வழியில்லை. தென்மேற்குக் கச்சான் காற்று விட்டு வடகிழக்கு வாடைக் காற்று பிடிப்பதற்கு முந்தைய அந்த இடைவெளி எத்தனை ஆபத்தானது என்று எந்தக் கரையில் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். கடல் நீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கண்டுபிடிக்க 1888இல் லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரியர் ஒரு சோதனை வகுத்தார். அதை இன்றைக்கும் படகில் உட்கார்ந்து செய்யலாம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் குமிழி புகாமல் கடல் நீரை நிரப்ப வேண்டும். மாங்கனீஸ் உப்புக் கரைசல் ஒரு மில்லி, காரம் கலந்த அயோடைடு ஒரு மில்லி, குப்பியின் அடிவரை குழாயை இறக்கி விட வேண்டும். மூடியை அழுத்தி மூடி நாலைந்து தடவை தலைகீழாகக் கவிழ்த்தால், நல்ல நீர் என்றால் உடனே பழுப்பாகத் திரிந்து அடியில் இறங்கும். ஆக்சிஜன் இல்லாத நீரில் வெள்ளையாகவே நிற்கும். துல்லியமான அளவு சொல்லத்தான் பிறகு அமிலமும் டைட்ரேஷனும் வேண்டும். பழுப்பா வெள்ளையா என்று படகோட்டும் பையனே சொல்லிவிடுவான்.

ஆனால் அந்தக் குப்பி சாவு நடந்துவிட்டதைத்தான் சொல்லும், ஏன் நடந்தது என்று சொல்லாது. அதற்கு நைட்ரேட், அம்மோனியம், பாஸ்பேட், சிலிக்கேட் நாலையும் அளக்க வேண்டும். அதுவும் பூங்கோரை தெரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அளந்திருக்க வேண்டும். மீன் செத்து ஒதுங்கிய செய்தி பத்திரிகையில் வந்த பிறகு ஜீப் எடுத்துக்கொண்டு போய் நீர் மொண்டால், நைட்ரேட் குறைவாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் அதைப் பூங்கோரை தின்று தீர்த்திருக்கும். "நைட்ரேட் அளவு வரம்புக்குள் உள்ளது" என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடிவிடலாம். பொய் சொன்னதாகவும் ஆகாது.

நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு கடலே தருவது. ஆழத்திலிருந்து மேலே கிளம்பி வருவது. அது நம் கையில் இல்லை. இன்னொரு பங்கு நிலத்திலிருந்து வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நெல் எடுத்துக்கொள்வது சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று வேளாண் விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். மீதியில் கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, கொஞ்சம் வயலிலேயே நுண்ணுயிர்கள் வழியாக வாயுவாகிறது, கொஞ்சம் நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, கொஞ்சம் வடிகாலில் ஓடுகிறது. கடல்வரை எவ்வளவு போகிறது என்பது ஆற்றுக்கு ஆறு, ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். விவசாயியைக் குறை சொல்லி இந்த மடலை முடித்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரலில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலையைச் சந்தைக்கு விட்டுவிட்டு, யூரியா விலையை மட்டும் தன் கட்டுப்பாட்டில் நிறுத்தியது அரசு. மலிவானதைத்தான் மனிதன் அள்ளிப் போடுவான். அதோடு நகரத்துச் சாக்கடையும் சேர்கிறது. ஒவ்வொரு மனிதனும் நாள்தோறும் நைட்ரஜனை வெளியேற்றுகிறான். அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது எந்த உழவனின் வேலையும் இல்லை.

தாமிரபரணியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகையில் பிறந்து, கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, திருநெல்வேலி நகரத்தின் கழிவையும் வாங்கிக்கொண்டு, வாழைக்கும் நெல்லுக்கும் பாய்ந்தது போக மிச்சத்தைப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவிடம் ஒப்படைக்கிறது. இந்த ஒரே ஆற்றைப் பற்றி உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எந்தக் கடையில் எத்தனை மூட்டை உரம் விற்றது என்று வேளாண்மைத் துறைக்குத் தெரியும். 2018 முதல் கைரேகை வைத்துத்தான் மூட்டையே கிடைக்கிறது. ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது என்று முறப்பநாட்டில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. ஆற்று நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. கரையோரக் கடல் நீரை 1990களின் தொடக்கம் முதல் மத்திய அரசுத் திட்டம் ஒன்று சோதித்து வருகிறது. இன்று அதைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. கடலில் பாசி பெருகினால் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் செயற்கைக்கோளிலிருந்து நிறத்தைப் பார்த்துச் சொல்கிறது. கரைக்கு வரும் மீனை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடைபோட்டு எழுதுகிறது. தீவுகளும் பவளமும் வனத்துறையின் பொறுப்பு.

எதுவுமே இல்லாத நாடு அல்ல இது. எல்லாம் இருக்கிறது, வேறு வேறு நாளில், வேறு வேறு நோட்டில்.

நாள் என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. ஆற்று நீரில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் நைட்ரேட் என்று தெரிந்தால் மட்டும் பயன் இல்லை. அன்றைக்கு, அதே நேரத்தில், அந்த ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது என்பதோடு பெருக்கினால்தான் கடலுக்குப் போன சுமை தெரியும். நம்முடைய பருவமழை ஆறுகள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுபவை அல்ல. ஓர் ஆண்டின் சுமையில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களில் இறங்கிவிடும். மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் அலுவலக நாளில், வெயில் அடிக்கும்போது போய் எடுக்கும் மாதிரியில் அந்த நாட்கள் விழவே விழாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. குளங்கள் உடைந்தன, வயலும் சாக்கடையும் சாலையும் ஒரே வெள்ளமாக ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் வழியே கடலுக்குப் போயின. அந்த வெள்ளம் எத்தனை டன் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் வளைகுடாவில் இறக்கியது? இந்தக் கேள்வியை நான் அனுப்பினால் உங்களில் யாருடைய மேசையிலிருந்து எனக்குப் பதில் வரும்?

இது தமிழ்நாட்டுக்குள் முடிகிற விவகாரமும் அல்ல. வங்காள விரிகுடாவின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிக மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அரபிக்கடலிலும் அப்படி ஓர் அடுக்கு உண்டு; அங்கே நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன, அதாவது கடல் தன் உரத்தை இழக்கிறது. வங்காள விரிகுடாவில் அது ஏன் அதே அளவில் நடக்கவில்லை என்பது நெடுநாள் புதிர். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தோடு டென்மார்க், ஜெர்மனி ஆய்வாளர்கள் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். வழக்கமான கருவியில் பூஜ்யம் என்று காட்டும் நீரில் துளியினும் துளியாக ஆக்சிஜன் மிச்சமிருப்பதை நானோ அளவில் பிடிக்கும் உணர்கருவி ஒருவரிடம் இருந்தது. நுண்ணுயிர் என்ன செய்கிறது என்று நைட்ரஜனின் கன ஐசோடோப்பைக் கொண்டு பின்தொடரும் திறமை இன்னொருவரிடம் இருந்தது. கடலையும் அதன் பருவங்களையும் பல பத்தாண்டு அளந்த அனுபவம் கோவாவில் இருந்தது. மூன்றும் சேர்ந்தபோதுதான் விடை வந்தது. அந்தத் துளி ஆக்சிஜன்தான் கதவைப் பிடித்து நிற்கிறது. நைட்ரஜனை வெளியேற்றக்கூடிய உயிர்கள் அங்கே ஏற்கனவே காத்திருக்கின்றன. நிலத்திலிருந்து வரும் சத்து கூடி, மேலே பாசி பெருகி, அது அழுகி இறங்கி அந்தத் துளியும் தீர்ந்தால், விரிகுடாவின் நைட்ரஜன் கணக்கே மாறிவிடும். 2017இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. நம் கடலைப் பற்றிய இவ்வளவு பெரிய எச்சரிக்கையைச் சட்டமன்றத்தில் யாராவது ஒரு முறை உச்சரித்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

கூட்டு ஆய்வு என்றால் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. அரபிக்கடலில் பச்சை நாக்டிலூகா இப்படிப் பெருகுவதற்கு ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே பரவுவதே காரணம் என்று, கோவாவில் வேரூன்றி இன்று அமெரிக்காவில் பணியாற்றும் ஹெல்கா கோமஸ், ஜோகிம் கோஸ் இணையர் தம் குழுவினரோடு 2014இல் எழுதினார்கள். ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே அது பெருகியதை அளந்திருக்கிறோம் என்று இன்காய்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் மறுத்தார்கள். நல்ல சண்டை. இரண்டு பக்கமும் அளந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். மன்னார் வளைகுடாவில் நமக்கு அந்தச் சண்டை போடத் தேவையான தொடர் அளவே போதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

துறை தாண்டிக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வாசலிலேயே சான்று உண்டு. காப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை வாழ்வாதாரத் திட்டமாகப் பாக் நீரிணைக் கரையில் வளர்த்தோம். பெண்களுக்கு வருமானம் கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2008இலேயே குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது படர்ந்து கிடப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாசி கடலின் மிகைச் சத்தை உறிஞ்சும் என்பது உண்மை. எந்தப் பாசி, எந்த இடம், அங்கே என்ன சத்து மிகை என்று தெரிந்தால்தான் அந்த உண்மையால் பயன். ராமநாதபுரத்தில் கடற்பாசிப் பூங்கா வருகிற இந்த நேரத்தில் கேட்கிறேன்: அந்தப் பூங்காவின் கணக்கில் நைட்ரேட் என்ற வரி எங்கே இருக்கிறது?

2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென்பெருங்கடலில் இரும்பு தூவிப் பார்த்த லோஹாஃபெக்ஸ் ஆய்வையும் சொல்லத் தோன்றுகிறது. 300 சதுர கிலோமீட்டரில் இரும்பைக் கரைத்தால் பாசி செழித்துக் கரியமிலத்தை இழுத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும் என்ற எதிர்பார்ப்பில் போனார்கள். பாசி கொஞ்சம் வளர்ந்தது, அதைச் சிறு கூனிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போகும் கனமான டயட்டம் பாசி வளரவில்லை, ஏனென்றால் அதற்கு ஓடு கட்டத் தேவையான சிலிக்கா அந்த நீரில் இல்லை. வேதியியலாரும் விலங்கியலாரும் ஒரே கப்பலில் இருந்ததால்தான் இந்தத் தோல்விக்குக் காரணம் தெரிந்தது. இல்லையென்றால் இரும்பு போதவில்லை என்று இன்னும் பத்து டன் கொட்டியிருப்பார்கள்.

இந்தக் கடலைப் பகிர்ந்துகொள்ளும் இலங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடைக் காற்றில் வங்கக் கடல் நீர் பாக் நீரிணை வழியாகப் பாம்பன் கால்வாயைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வருகிறது. கச்சானில் திரும்பிப் போகிறது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றியே. இரு கரையின் சத்தும் ஒரே தொட்டியில்தான் கலக்கிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக எழுதப்பட்ட செய்தி. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் இந்த நீரில் எல்லைக்கோடு போட்டன. கச்சத்தீவைப் பற்றி நான் பேச வரவில்லை, அதற்கு மேடைகள் நிறைய இருக்கின்றன. அதே 1974 மார்ச்சில் ஹெல்சிங்கியில் பால்டிக் கடலைச் சுற்றிய ஏழு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியமும் இருந்தது, மேற்கு ஜெர்மனியும் இருந்தது, கிழக்கு ஜெர்மனியும் இருந்தது. ஒருவர்மேல் ஒருவர் ஏவுகணையைக் குறிவைத்திருந்த காலம். ஆனாலும் கடலின் மாசைச் சேர்ந்தே கட்டுப்படுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த ஒப்பந்தத்தை நடத்தும் ஆணையம் எந்த நாடு எத்தனை டன் நைட்ரஜன், எத்தனை டன் பாஸ்பரஸ் கடலில் விட்டது என்று நாடுவாரியாக வெளியிடுகிறது. பால்டிக் குணமாகிவிட்டதா என்றால் இல்லை. அடியில் ஆக்சிஜன் அற்ற பரப்பு இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, பழைய பாஸ்பரஸ் சேற்றிலிருந்து கசிந்துகொண்டே இருக்கிறது. ஆனால் நிலத்திலிருந்து வரும் சுமை 1980களைவிடக் குறைந்திருக்கிறது, அது குறைந்தது என்று அவர்களால் எண்ணிச் சொல்ல முடிகிறது.

நமக்கு இதற்கான பேச்சு புதிதல்ல. 2019 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் நைட்ரஜன் மேலாண்மைத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே இந்தியாதான். அந்த அக்டோபரில் கொழும்புப் பிரகடனம், 2030க்குள் நைட்ரஜன் விரயத்தைப் பாதியாக்குவோம் என்றது. பிறகு 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைச் சட்டென்று தடைசெய்து, நெல் விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே தடையைத் திரும்பப் பெற்றது. மண்ணியலாரையும் உழவரையும் பொருளாதாரம் தெரிந்தவரையும் ஒரே அறையில் உட்காரவைக்காமல் எடுத்த முடிவு. அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உரத்தைத் தடைசெய்யுங்கள் என்று இந்த மடல் கேட்கவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்று. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் சேர்த்து, பத்து ஆண்டுகளுக்குக் குறையாத ஒரு கூட்டு அளவைத் திட்டம் வேண்டும். உங்கள் ஒவ்வொருவர் துறையிலிருந்தும் பணமும் ஆளும் வர வேண்டும், பொறுப்பு ஒரே அதிகாரியிடம் இருக்க வேண்டும். முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல் முகத்துவாரம், அங்கிருந்து தீவுகள்வரை ஒரே நாளில் நீர் எடுக்க வேண்டும். சாதாரண நாட்களில் வாரம் ஒரு முறை போதும். வெள்ளம் வந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும் ஆறு என்று விட்டுவிடாமல் அதன் உபரி வருகிற ஆண்டுகளில் அங்கேயும். நிலத்தடி வழியே கடலடியில் கசிகிற நீரையும் சேர்க்க வேண்டும், அதற்குப் புவியியலார் வேண்டும். மூட்டைக் கணக்கு வட்டாரவாரியாக அந்த அறைக்கு வர வேண்டும். பாதாளச் சாக்கடைப் பொறியாளர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், பவளம் தெரிந்தவருக்குப் பக்கத்து நாற்காலியில்.

கரையிலிருப்பவர்களுக்கும் நாற்காலி வேண்டும், பேச்சுக்கு அல்ல, சம்பளத்தோடு. மண்டபம், பாம்பன் பக்கம் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கஞ்சிப்பாசியும் எடுக்கிற பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிறார்கள். மாதத்தில் இன்ன நாட்கள் மட்டும் எடுப்பது, கோடையில் பாசி முளைக்கிற காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்; அதற்காகச் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசும் கிடைத்தது. தண்ணீர் கனக்கிறது, வழுக்குகிறது, கண் எரிகிறது என்று எந்தச் செயற்கைக்கோளுக்கும் முன்னால் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். மீன் கிடைக்கும் இடத்தை இன்காய்ஸ் மீனவருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறது. நல்லது. "இங்கே தண்ணீர் பச்சை, நாளைக்கு வாருங்கள்" என்று மீனவர் அனுப்புகிற செய்திக்கு எந்த எண், அதை எடுத்து மறுநாள் குப்பியோடு போகிற ஆள் யார் என்பதையும் தீர்மானியுங்கள். நான் மேலே சொன்ன விங்க்ளர் குப்பிக்கு ஒருவரைப் பழக்க இரண்டு வாரம் போதும்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆழ்கடல் இயக்கத்துக்கு 2021இல் 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தீர்கள். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா நீர்மூழ்கியைச் சென்னையில் உருவாக்குகிறீர்கள், பெருமைதான். மாநிலம் 2023 நிதிநிலை அறிக்கையில் 2,000 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கம் என்றது. ஆறு மீட்டர் ஆழத்தில் பவளம் மூச்சுத் திணறுவதைத் தெரிந்துகொள்ள அதில் ஒரு துளி போதும். அலையாத்தி நடுவதும் பவளத்துண்டு பதிப்பதும் படத்துக்கு நன்றாக இருக்கும். பதித்த பவளத்தின் மேல் என்ன நீர் ஓடுகிறது என்று அளப்பதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பது எனக்கும் புரிகிறது.

இரண்டு தடைகளை மட்டும் நீங்களே அகற்ற வேண்டும், வேறு யாராலும் முடியாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் நீர் எடுக்க அனுமதி வாங்குவதற்குள் பூங்கோரை வந்து செத்து மட்கிவிடுகிறது என்று ஆய்வு மாணவர்கள் புலம்பக் கேட்டிருக்கிறேன். இந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரே அனுமதி, அவசர நாளில் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று வையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கையின் நாரா என்ற நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தோடும் ஒரே நாளில் இரு கரையிலும் நீர் எடுக்க வெளியுறவுத் துறையின் ஒப்புதலையும் வாங்கித் தாருங்கள். இரண்டாவது, தரவு. அளந்ததை மூன்று மாதத்துக்குள் யாரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வையுங்கள். அதில் சில நகராட்சிகளுக்கும் சில ஆலைகளுக்கும் சங்கடமான எண்கள் வரும். வரத்தான் வேண்டும்.

எங்கே வைப்பது என்று கேட்டால், மண்டபத்தில் வையுங்கள். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் தொடக்க காலத்தில் அங்கேதான் இயங்கியது. அங்கே இயக்குநராக இருந்த என். கே. பணிக்கர்தான் பின்னால் 1960களில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை அளந்த பன்னாட்டுப் பயணத்தில் இந்தியத் தரப்பை நடத்தினார். அதன் விளைவாக 1966இல் பிறந்த கோவா நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். கட்டடம் கட்ட வேண்டியதில்லை. ஒரு நல்ல ஆய்வுக்கூடம், உறைபெட்டி, மின்சாரம் போனால் ஓடும் ஜெனரேட்டர், இரண்டு படகு, வெள்ள நாளில் விடுப்பு கேட்காத பத்துப் பேர்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முந்தைய ஓய்ந்த கடலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் முடிவுக்குள் குப்பிகளும் ஆட்களும் கரையில் இருக்க வேண்டும், அதற்கு அரசாணை ஜூன் மாதம் வந்தாக வேண்டும். யார் முதலில் கையெழுத்திடுவது என்று காத்திருந்தால் அடுத்த ஆண்டும் போய்விடும். வேளாண்மைத் துறைச் செயலர் தொடங்கட்டும். மூட்டைக் கணக்கு அவரிடம்தான் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்